பெட்டி வாங்கியவருக்கு, சாவி கம்பெனிக்கா?

அந்தமானில், மின்னி பேயில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவை நினைத்துப் பார்க்கலாம். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். அனிமேஷன் படிக்க வேண்டும் என்கிறான்; ஓய்வு நேரத்தில் கேம் விளையாடவும் வேண்டும் என்கிறான். சாதாரணக் கம்ப்யூட்டர் இதற்குப் போதாதாம். குமாஸ்தா அலுவலகச் சொசைட்டியில் கடன் எடுக்கிறார். மீதியைத் தவணையில் கட்டுவதாகக் கையெழுத்துப் போடுகிறார். ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய்க்குப் பெரிய கம்பெனி ஒன்றின் கேமிங் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருகிறது. கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட், உள்ளே வண்ண விளக்குகள், சுழலும் விசிறிகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஒன்றரை ஆண்டு கழிகிறது. ஓராண்டு வாரண்டி முடிந்துபோயிற்று. தவணை மட்டும் முடியவில்லை. மழைக் காலத்தில் ஒரு மாலை மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கிறது. மறுநாள் பொத்தானை அழுத்தினால் பெட்டி பேசாமல் கிடக்கிறது. ஜங்கிலிகாட்டிலிருந்து ரிப்பேர் செய்கிற தம்பி வந்து திறந்து பார்க்கிறார்.

"அண்ணே, மதர்போர்டு நல்லா இருக்கு. கிராபிக்ஸ் கார்டு நல்லா இருக்கு. எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான் போயிருக்கு. ஆனா, இந்தக் கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். கடையில கிடைக்காது, கடையில கிடைக்கிறது இதுக்குச் சேராது" என்கிறார்.

சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய பழுது, ஒரு லட்ச ரூபாய்ப் பொருளை மூலையில் உட்கார வைத்துவிடுகிறது. இந்தக் குமாஸ்தா கற்பனை மனிதர். அவருடைய சங்கடம் கற்பனை அல்ல. பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இது நடக்கக்கூடியதே. பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர். அதைப் பழுது பார்க்கும் அதிகாரம் வேறொருவர் கையில் என்றால், அந்தப் பொருள் உண்மையில் யாருக்குச் சொந்தம்? கேட்டே தீர வேண்டிய கேள்வி இது.

சைக்கிளும் கம்ப்யூட்டரும்

அபர்டீன் பஜாரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய், "செயின் அறுந்துவிட்டது" என்று சொன்னால், கடைக்காரர் சைக்கிள் எந்தக் கம்பெனி என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. அம்பத்தூரில் செய்ததோ லூதியானாவில் செய்ததோ, சாதாரணச் சைக்கிளுக்குச் செயினும் டியூபும் பெடலும் பொதுவானவை. சைக்கிள் ஏழையின் வாகனமாக இத்தனை காலம் நிலைத்ததற்கு அதன் விலை மட்டும் காரணம் அல்ல. எந்த ஊரிலும், எந்தக் கடையிலும் அதைச் சரி செய்ய முடிந்தது என்பதும் காரணம்.

மேஜைக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் வளர்ந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் 'பர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டபோது, அதன் உள்ளமைப்பை விளக்கும் கையேட்டையும் விற்பனைக்கு வைத்தது. மற்றவர்கள் அதற்கு ஏற்ற கார்டுகளைச் செய்து விற்க முடிந்தது. சில ஆண்டுகளில் அதே மாதிரிக் கம்ப்யூட்டர்களையே பல கம்பெனிகள் செய்யத் தொடங்கின. போட்டி வந்தது, விலை இறங்கியது, கம்ப்யூட்டர் பெரிய அலுவலகத்திலிருந்து நடுத்தர மனிதரின் வீட்டுக்கு வந்தது.

1987-இல் ஐ.பி.எம். வேறு வழியில் போய்ப் பார்த்தது. 'பி.எஸ்.2' என்ற புதிய வரிசையில், கார்டு செருகும் அமைப்பையே மாற்றி, அதைப் பயன்படுத்த விரும்பும் மற்றக் கம்பெனிகள் தனக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. பழைய கார்டுகள் புதிய பெட்டியில் சேரவில்லை. அடுத்த ஆண்டே காம்பாக் முதலிய ஒன்பது கம்பெனிகள் ஒன்று சேர்ந்து, பழைய கார்டுகளும் சேரக்கூடிய மாற்று அமைப்பு ஒன்றை அறிவித்தன. ஐ.பி.எம்.மின் அந்தப் புது அமைப்பு நிலைக்கவில்லை. கம்ப்யூட்டர் உலகில் தனிப் பூட்டுப் போட முயன்றவர்களுக்கு அது ஒரு பாடம்.

1995-இல் இன்டெல் கம்பெனி 'ஏ.டி.எக்ஸ்.' என்ற பொது அளவை வெளியிட்டது. மதர்போர்டில் திருகாணித் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். எந்த அளவில் இருக்க வேண்டும், அதன் இணைப்பில் எந்தக் கம்பி எந்த முனைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அது வரையறுத்தது. முதலில் 20 முனை கொண்ட இணைப்பு, பின்னர் 24 முனையாயிற்று. சென்னை ரிச்சி தெருவிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, மும்பை லாமிங்டன் ரோட்டிலோ, டில்லி நேரு பிளேசிலோ, பத்துக் கம்பெனிகளின் பத்துப் பாகங்களை வாங்கி ஒரே கேபினெட்டில் பூட்டி ஓட்ட முடிகிறதே, அதற்கு இந்தப் பொது அளவுதான் ஆதாரம். 'அசெம்பிள்டு சிஸ்டம்' என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பூட்டு எங்கே இருக்கிறது?

ஆனால் 'பிராண்டட்' என்று கம்பெனியே முழுமையாகச் செய்து விற்கும் பெட்டிகளில், பொது அளவைக் கைவிடும் பழக்கம் வெகு நாளாகவே உண்டு. 1990-களின் பிற்பகுதியில் டெல் கம்பெனி விற்ற பல கம்ப்யூட்டர்களில் எஸ்.எம்.பி.எஸ். இணைப்பு, பார்வைக்குப் பொது இணைப்பைப் போலவே இருந்தது. உள்ளே கம்பிகளின் வரிசை மட்டும் வேறு. விவரம் தெரியாமல் கடையில் கிடைத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினால் போர்டு கருகிப் போகக்கூடும். கம்ப்யூட்டர் ரிப்பேர் நூல்களில் இதற்காகவே எச்சரிக்கை எழுத வேண்டியிருந்தது.

இன்று அப்படிக் கண்ணை ஏமாற்றும் இணைப்பு இல்லை. இணைப்பே வெளிப்படையாக வேறாக இருக்கிறது. பொது அளவில் 24 முனை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பெனி 6 முனை வைக்கிறது. இன்னொன்று 8 வைக்கிறது. வேறொன்று 10 அல்லது 14 வைக்கிறது. பொதுவான எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மூன்று அளவிலும் மின்சாரம் தரும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் ஒன்று உயிரோடு நிற்கும். இந்தத் தனி ரகங்களில் பல, 12 வோல்ட்டை மட்டுமே எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் போர்டிலேயே மாற்றிக்கொள்கின்றன. ஆகவே வெறும் கம்பியை மாற்றிப் பிணைத்தால் காரியம் நடக்காது. மாற்று இணைப்புக் கம்பிகள் ஆன்லைனில் விற்கின்றன. அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருந்தால் சில வேளை உதவும். தவறானதை மாட்டினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு போர்டும் போய்விடும்.

எஸ்.எம்.பி.எஸ். ஒன்றுதானா? சில ரகங்களில் மதர்போர்டின் திருகாணித் துளைகளே வேறு இடத்தில் இருக்கும். பின்பக்கத்தில் செருகு துளைகள் உள்ள தகடு கேபினெட்டோடு சேர்ந்தே இருக்கும். வேறு போர்டு வைத்தால் துளைகள் பொருந்தா. ஆன் செய்யும் பொத்தானின் கம்பியும் தனி ரகமாக இருக்கும். விசிறியின் இணைப்பு வேறாக இருந்து, வேறு விசிறி வைத்தால், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் 'விசிறி இல்லை' என்று முறையிடும். போர்டில் எழுதியிருக்கும் பயாஸ் புரோகிராம், கம்பெனி ஒப்புக்கொண்ட பிராசசர்களை மட்டும் ஏற்கும். அலுவலகங்களுக்கான சில ரகங்களில், பாதுகாப்புக் காரணம் சொல்லி, பிராசசரையே அந்தக் கம்பெனியின் போர்டோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடும் ஏற்பாடும் உண்டு. அந்தப் பிராசசரைக் கழற்றி வேறு போர்டில் வைத்தால் வேலை செய்யாது.

இவற்றில் எதுவும் கடையில் வாங்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. பெட்டியின் மேல் பிராசசர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டின் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். பொது அளவா, தனி அளவா என்பது மட்டும் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இருப்பதில்லை. வண்ண விளக்கைக் காட்டி விற்கிறவர்கள் இதையும் ஒரு வரி சொல்லக்கூடாதா?

தகவல் நொடியில், உதிரி பாகம் கப்பலில்

சென்னைவாசிக்கு இது தலைவலி. தீவுவாசிக்கு இது பெரிய நஷ்டம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் வந்து சேர இரண்டரை நாள், மூன்று நாள் ஆகும். அதுவும் தினமும் இல்லை. விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்காக யாரும் விமானம் ஏறமாட்டார்கள்.

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. மற்றத் தீவுகளுக்குப் போகும் கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் செயற்கைக்கோளையே நம்பி, ஒரு படத்தைப் பார்ப்பதற்குள் பொறுமை இழந்த ஊர் இது. இன்று மின்னி பேயில் இருக்கும் பையன், மதுரையில் இருக்கும் மாமா மகனோடு ஒரே நேரத்தில் விளையாட முடிகிறது. கேமிங் கம்ப்யூட்டர் தீவுக்கு வந்ததற்கு இந்தக் கேபிளும் ஒரு காரணம். ஆனால் கேபிள் வழியாகத் தகவல் வருமே தவிர எஸ்.எம்.பி.எஸ். வராது. விளையாட்டு நொடியில் வருகிறது. உதிரி பாகம் கப்பலுக்குக் காத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்ற ஊர்களைவிடத் தீவில் கம்ப்யூட்டர் சீக்கிரம் பழுதாவதற்குக் காரணங்கள் அதிகம். இங்கே தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. கடற்காற்றில் உப்பு, ஆண்டின் பெரும்பகுதி ஈரம். இரும்புத் தகடு துருவேறுகிறது. இணைப்பு முனைகள் பச்சை படிகின்றன. மின்சாரமோ நாட்டின் பெரிய மின் தொகுப்போடு இணையாதது. பெரும்பாலும் டீசல் எஞ்சின்களால் தீவிலேயே உற்பத்தியாவது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை முதலில் தாங்கி, முதலில் உயிரை விடுவது எஸ்.எம்.பி.எஸ்.தான். எந்தப் பாகம் அடிக்கடி போகுமோ, அந்தப் பாகத்திலேயே கம்பெனி தன் பூட்டைப் போட்டிருக்கிறது என்றால், அந்தப் பூட்டின் பாரம் தீவுக் குடும்பத்தின் மேல்தான் விழுகிறது.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள்

ஒரு லட்சம் கொடுக்க வசதி இல்லாதவர்களையும் இந்தப் பூட்டு விடுவதில்லை. பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்டட் கம்ப்யூட்டர்கள் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அதை வாங்கி, ஒரு கிராபிக்ஸ் கார்டை மட்டும் சேர்த்தால் கேமிங் கம்ப்யூட்டர் தயார் என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். எண்ணம் சிக்கனமானது, பாராட்டத்தக்கது. ஆனால் பெட்டியைத் திறந்த பிறகுதான், உள்ளே இருப்பது 200, 250 வாட் அளவிலான சிறிய எஸ்.எம்.பி.எஸ். என்று தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் கம்பி அதில் இல்லை. பெரிய எஸ்.எம்.பி.எஸ். வைக்கலாமென்றால் இணைப்பு சேராது. இணைப்பு சேர்ந்தாலும் கேபினெட்டில் இடம் போதாது.

இத்தகைய பெட்டிக்கு ஒரே வழி, கார்டு செருகும் இடத்திலிருந்தே கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டை, அதுவும் கேபினெட்டின் உயரத்துக்கு ஏற்ற கார்டை, தேடி வாங்குவது. முதலிலேயே இது தெரிந்தால் பணம் வீணாகாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கத் தகுதியில்லாத பழைய பெட்டிகள் ஏராளம். அவை மலிவாகத் தள்ளப்படும் காலம் இது. மலிவு என்று மயங்குமுன் உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கம்பெனிகள் சொல்வது

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாப் பாகங்களையும் தாங்களே தேர்ந்தெடுத்து, சோதித்து, ஒரே பில்லில், ஒரே வாரண்டியில் தருகிறார்கள். அசெம்பிள்டு சிஸ்டத்தில் பழுது வந்தால், போர்டுக்காரர் எஸ்.எம்.பி.எஸ்.காரரைக் கைகாட்டுவார், எஸ்.எம்.பி.எஸ்.காரர் போர்டுக்காரரைக் கைகாட்டுவார். அந்த அலைச்சல் பிராண்டட் பெட்டியில் குறைவு. தவணை வசதி எளிதாகக் கிடைக்கிறது. 12 வோல்ட் மட்டும் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கம்பிகள் குறைவு. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மின்சாரமும் மிச்சமாகிறது. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்குத் தனிப் பூட்டு தேவையா? 12 வோல்ட் மட்டும் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு இன்டெல் கம்பெனியே 10 முனை கொண்ட ஒரு பொது அளவை வெளியிட்டிருக்கிறது. எல்லாரும் அதைப் பின்பற்றினால் மின்சாரமும் மிச்சமாகும், கடையில் பாகமும் கிடைக்கும். நல்லதைச் செய்வதற்குப் பொது வழி இருக்கும்போது ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி வழி போட்டுக்கொள்வது எதற்காக? வேலையைச் சிறப்பாகச் செய்வதற்கு என்றால் சரி. வாங்கியவரைக் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைப்பதற்கு என்றால் அது சரியல்ல.

தனி அளவில் செய்வதே குற்றம் என்று யாரும் வாதாடவில்லை. மடிக் கம்ப்யூட்டரில் இடம் குறைவு. அங்கே தனி அளவு தவிர்க்க முடியாததாக இருக்கலாம். மேஜையில் வைக்கும் பெரிய கேபினெட்டில் அந்தக் காரணம் செல்லாது. அப்படியே தனி அளவில் செய்தாலும், அதை வாங்குமுன் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, உதிரி பாகத்தைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, நியாயமான விலையில், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத கம்பெனி, பொருளை விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

காருக்கு ஒரு நீதி, கம்ப்யூட்டருக்கு ஒரு நீதியா?

உதிரி பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. கார் கம்பெனிகள் தங்கள் உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை என்று 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் போயிற்று. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஆணையம் தீர்ப்பளித்தது. மாருதி, டாடா, மகிந்திரா உள்ளிட்ட 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு விஷயம். கார் வாங்கியவர் அதைத் தமக்குப் பிடித்த மெக்கானிக்கிடம் விட முடியாமல் தடுப்பது நியாயமல்ல என்ற கொள்கை அன்றைக்கு இந்த நாட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்டது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போனும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தில், இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. 2025 மே மாதத்தில், பொருள்களின் பழுது பார்க்கும் வசதியை அளந்து மதிப்பெண் தரும் திட்டம் பற்றி மற்றொரு குழு அறிக்கை கொடுத்தது. அதிலும் செல்போனுக்கும் டேப்லெட்டுக்குமே முதலிடம். பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியிலேயே இத்தகைய மதிப்பெண் நடைமுறைக்கு வந்துவிட்டது. மடிக் கம்ப்யூட்டர் விற்கும் கடையில் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். கழற்றுவது எளிதா, உதிரி பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதையெல்லாம் பார்த்துப் போடும் மதிப்பெண் அது.

மேஜைக் கம்ப்யூட்டர் இந்த வரிசைகளில் பின்னால் நிற்பதற்குக் காரணம், 'அதைத்தான் எளிதாகக் கழற்றி மாட்டலாமே' என்ற பழைய எண்ணம். அந்த எண்ணம் இன்று எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தாது. இந்தியாவில் வரப்போகும் மதிப்பெண் திட்டத்தில் மேஜைக் கம்ப்யூட்டரையும் சேர்க்க வேண்டும். அது வரும்வரை காத்திராமல், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, கேபினெட், விசிறி ஆகிய நான்கும் பொது அளவா தனி அளவா என்று பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று சர்க்கார் விதி செய்யலாம். ரொட்டிப் பாக்கெட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிட முடிகிறபோது, ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டியில் நான்கு வரி அச்சிட முடியாதா?

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை வாங்குகிறவர் கையில் இருப்பது கேள்வி ஒன்றுதான். பணம் கொடுக்குமுன் அதைக் கேட்டுவிட வேண்டும்.

முதலாவது: எஸ்.எம்.பி.எஸ். பொது ஏ.டி.எக்ஸ். அளவா? மதர்போர்டில் அதன் இணைப்பு 24 முனையா? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லலாம். எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

இரண்டாவது: எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்? நாளை பெரிய கிராபிக்ஸ் கார்டு வைத்தால் தாங்குமா? அதற்கான தனி மின்கம்பி இருக்கிறதா?

மூன்றாவது: ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாற்றக்கூடியதா? காலி இடம் எத்தனை? பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கிராபிக்ஸ் கார்டும் பொது ரகமே, மாற்றலாம். 2025 இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, பழைய பெட்டியிலிருந்து ரேமைக் கழற்றிப் புதியதில் வைக்க முடிவது எவ்வளவு பெரிய சேமிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது: 'வீட்டுக்கே வந்து சரி செய்வோம்' என்ற வாரண்டி, 744 என்று தொடங்கும் பின்கோடுக்கும் உண்டா? ஆள் வருவாரா, அல்லது பெட்டியைச் சென்னைக்கு அனுப்பச் சொல்வார்களா? அனுப்பும் செலவு யாருடையது? வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்க வேண்டும்.

ஐந்தாவது: வாரண்டி முடிந்த பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் தனியாக விலைக்குக் கிடைக்குமா? எத்தனை ஆண்டுக்கு?

இந்த ஐந்துக்கும் பதில் திருப்தியாக இருந்தால் எந்தக் கம்பெனிப் பெட்டியையும் தைரியமாக வாங்கலாம். பொது அளவிலேயே பிராண்டட் பெட்டி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பதில் மழுப்பலாக இருந்தால், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் மூலமாகவோ கப்பல் பார்சலிலோ பொதுப் பாகங்களை வரவழைத்து, உள்ளூர்த் தம்பியிடம் கொடுத்து அசெம்பிள் செய்துகொள்வது மேல். அந்தத் தம்பிக்கும் பிழைப்பு. பழுது வந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆளும் இருப்பார்.

ஏற்கெனவே தனி ரகப் பெட்டி வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட்டுப் பயனில்லை. வாரண்டி இருக்கும்போதே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேலுள்ள பாக எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் தேடும்போது அந்த எண்தான் துணை. நல்ல யு.பி.எஸ். ஒன்றின் மூலமாகவே கம்ப்யூட்டரை ஓட்டுவது தீவில் ஆடம்பரம் அல்ல, அவசியம். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போய், கம்பெனிப் பாகம் கிடைக்கவே இல்லை என்றால், பிராசசர், ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைக் கழற்றி, பொது மதர்போர்டு, பொது எஸ்.எம்.பி.எஸ்., சாதாரணக் கேபினெட் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். செலவுதான், ஆனால் முழுப் பெட்டியையும் தூக்கி எறிவதைவிடக் குறைந்த செலவு. அதற்கு முன் பிராசசர் அந்தக் கம்பெனிப் போர்டோடு பிணைக்கப்பட்டதா என்பதையும், விசிறி புதுப் போர்டில் உட்காருமா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ஏமாற்றப்பட்டதாக உணர்கிறவர்களுக்குச் சட்டமும் முற்றிலும் கைகொடுக்காமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி, விற்ற கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பார்க்கலாம். பில்லையும் வாரண்டித் தாளையும் பத்திரமாக வைத்திருந்தவருக்கே இவையெல்லாம் பயன்படும் என்பதைக் கூறத் தேவையில்லை.

பூட்டின் விலை

மின்னி பேயில் மூலையில் கிடக்கும் அந்தப் பெட்டிக்குத் திரும்பலாம். அதில் கெட்டுப்போனது ஒரு பாகம். மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனாலும் அது குப்பையாகும் வழியில் இருக்கிறது. கப்பலில் வந்த பொருளின் குப்பையும் தீவில்தான் தேங்கும், அல்லது திரும்பக் கப்பலேற வேண்டும். பையனுடைய படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போகிறது. குமாஸ்தாவின் சம்பளத்தில் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் பிடிக்கப்படுகிறது. ஓடாத கம்ப்யூட்டருக்கு அவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊரை விட்டு வந்து, கடல் கடந்து உழைத்து, பிள்ளை தன்னைவிட ஒரு படி மேலே போகட்டும் என்று கடன் வாங்கிப் பொருள் வாங்குகிறவர்கள் சலுகை எதையும் கேட்கவில்லை. வாங்கிய பொருளைத் தன் ஊரில், தன் ஊர்க்காரர் கையால் சரி செய்துகொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறார்கள். சைக்கிளுக்கு அந்த உரிமை என்றும் இருந்தது. காருக்கு அந்த உரிமை உண்டு என்று ஆணையம் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டருக்கும் அது வர வேண்டும். அது வரும்வரை, கடையில் நிற்கும் ஒவ்வொரு தகப்பனும் விளக்கின் நிறத்தைப் பார்க்குமுன், பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி, முனைகளை எண்ணிப் பார்க்கட்டும்.